ஆமிஷ் வீட்டில் தொலைபேசி ஏன் வாசலுக்கு வெளியே இருக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் கவுண்டி என்று ஒரு பகுதி. சோளக்காடுகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் நடுவே சாலைகள் வளைந்து வளைந்து போகும். அங்கே பண்ணை வீட்டுப் பாதை வந்து தார்ச்சாலையில் சேரும் இடத்தில், சில சமயம் ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன மரக்கூண்டு நிற்பதைப் பார்க்கலாம். முதலில் பார்ப்பவர் அதைப் பழைய காலக் கழிப்பறை என்றே நினைப்பார். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தொலைபேசி இருக்கும்.

இது ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தொலைபேசிக் கூண்டு. வீட்டுக்குள் தொலைபேசி கூடாது. ஆனால் வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பேசிவிட்டு வரலாம். பல இடங்களில் நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே கூண்டுதான்.

ஆமிஷ் என்றதும் நமக்குக் கிடைக்கும் வழக்கமான வர்ணனை இதுதான்: கரண்ட் இல்லை, கார் இல்லை, தாடியும் தொப்பியும் வைத்துக்கொண்டு குதிரைவண்டியில் போகிறவர்கள், நவீன உலகத்தை வெறுப்பவர்கள். வெறுப்பவர்கள் என்றால் அந்தத் தொலைபேசி எதற்கு? வேண்டும் என்றால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? மழையிலும் பனியிலும் ஏன் வெளியே நடக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஆமிஷ் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும்.

தொலைபேசி வந்த புதிதில் சில ஆமிஷ் குடும்பங்கள் அதை வாங்கி வீட்டில் வைத்தன. 1910ஐ ஒட்டி லான்காஸ்டர் சபைகள் அதை வீட்டிலிருந்து விலக்கின. காரணம் சாத்தான், பாவம் என்றெல்லாம் இல்லை. தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்துவிடும், முகம் பார்க்காமல் புறம்பேசுவது கூடிவிடும், வெளியுலகம் நேரம்காலம் இல்லாமல் வீட்டுக்குள் மணியடிக்கும் என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் பிரசவ வலி வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், மாட்டுக்கு நோய் கண்டால் ஆள் வர வேண்டும். அதனால் சில பத்தாண்டுகளுக்குள் பொதுக் கூண்டு வந்தது. அவசரத்துக்கு உண்டு, அரட்டைக்கு, இந்தக் குளிரில் யார் நடப்பார்கள்? தொலைபேசியை அப்படியே விட்டுவிட்டு, அதைக் கொஞ்சம் சிரமமானதாக மட்டும் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

சரி, யார் இவர்கள்?

கதை 1525இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் தொடங்குகிறது. மதச் சீர்திருத்தக் காலம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அர்த்தமில்லை, புரிந்துகொள்ளும் வயது வந்தபின் ஒருவர் தானே விரும்பி ஏற்க வேண்டும் என்று ஒரு சிறு கூட்டம் சொன்னது. ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. ‘மறுஞானஸ்நானக்காரர்கள்’ என்ற பொருளில் அவர்களுக்கு அனபாப்டிஸ்ட் என்று பெயர் விழுந்தது. இன்று கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு அரசும் மதமும் ஒன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுப்பது ராஜதுரோகம் மாதிரி. அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527இல் ஜூரிக்கின் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ‘தண்ணீர்தானே கேட்டாய்’ என்கிற மாதிரி ஒரு குரூரம். அதன்பின் ஐரோப்பா முழுக்க இவர்களை எரித்தார்கள், வெட்டினார்கள், துரத்தினார்கள்.

நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற முன்னாள் பாதிரியார் இவர்களுக்குத் தலைவரானார். மென்னோனைட் என்ற பெயர் அவரால் வந்தது. 1693இல் யாகோப் அம்மான் என்ற மூப்பர், சபை கட்டுப்பாட்டில் இளகிவிட்டது என்று சொல்லிப் பிரிந்தார். சபையை மீறியவரோடு சேர்ந்து சாப்பிடக்கூட கூடாது என்பது அவர் கட்சி. அவர் பின்னால் போனவர்கள் ஆமிஷ். அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1737இல் ‘சார்மிங் நான்சி’ என்ற கப்பலில் பல ஆமிஷ் குடும்பங்கள் பிலடெல்பியாவில் வந்து இறங்கின. வில்லியம் பென் உருவாக்கிய பென்சில்வேனியா, அன்று மத சுதந்திரத்துக்குப் பேர்போன இடம். வேடிக்கை என்னவென்றால், பிறந்த ஐரோப்பாவில் ஆமிஷ் என்ற அடையாளமே இன்று இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த ஜெர்மன் சபை 1937இல் மென்னோனைட்டுகளோடு கலந்துவிட்டது.

அமெரிக்காவிலும் கரைந்துபோவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1900இல் மொத்தம் சுமார் 5,000 பேர். இப்போது நான்கு லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது. சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். வெளியிலிருந்து வந்து சேர்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கு ஆறேழு குழந்தைகள், அந்தக் குழந்தைகளில் 85 சதவீதம் பேருக்கு மேல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா மூன்று மாநிலங்களில் பெரும்பான்மையோர் இருக்கிறார்கள்.

இவர்களுக்குப் போப் மாதிரி ஒரு தலைவர் கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. இருபதிலிருந்து நாற்பது குடும்பம் சேர்ந்தால் ஒரு சபை வட்டாரம். அதுதான் அவர்கள் உலகம். கூட்டம் பெருகி ஒரு வீட்டில் உட்கார இடம் போதாமல் போனால் சபை இரண்டாகப் பிரியும். ஏன் வீட்டில் என்றால், பழைய ஒழுங்கு ஆமிஷ் எனப்படும் மரபு மாறாத பிரிவினருக்குத் தேவாலயக் கட்டடமே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டில் வழிபாடு. முதுகுசாயாத பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வீடு வீடாகச் சுற்றும். வழிபாடு மூன்று மணி நேரம். இசைக்கருவி கிடையாது. பாடல்கள் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பலவற்றை எழுதியவர்கள் ஜெர்மனியின் பாஸாவ் கோட்டைச் சிறையில் கிடந்த அனபாப்டிஸ்டுகள். பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும்தான், ஸ்வரக் குறிப்பு எதுவும் இல்லை. மெட்டு காதுவழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஒரு அசையை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். எல்லா வழிபாட்டிலும் இரண்டாவதாக வரும் துதிப்பாட்டு மட்டுமே இருபது நிமிடம் போகும். முடிந்ததும் சாப்பாடு: ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெயில் இனிப்பு கலந்த தடவல், ஊறுகாய், காப்பி. யார் வீட்டிலும் பெரிதாக விருந்து வைத்துப் போட்டிபோடக் கூடாது என்பதற்காக எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லாமல் விட முடியாது. சபை உறுப்பினர்கள், பெண்களும் சேர்த்து, ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்வார்கள். போதுமான வாக்குப் பெற்ற ஆண்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப் புத்தகங்கள் மேசையில் அடுக்கப்படும். அதில் ஒன்றுக்குள் மட்டும் வேதவசனம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஆளுக்கு ஒரு புத்தகத்தை எடுப்பார்கள். யார் புத்தகத்தில் சீட்டு இருக்கிறதோ அவர் அன்று முதல் ஆயுள் முழுக்கப் போதகர். சம்பளம் இல்லை, இறையியல் படிப்பு இல்லை, ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லவும் முடியாது. காலையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்த மனிதர் மத்தியானம் போதகராக வீடு திரும்புவார். சீட்டு விழுந்தவரின் குடும்பம் அழும். வாழ்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை.

இந்தச் சபைக்கு ஒரு நடைமுறை ஒழுங்கு உண்டு. அதன் பெயர் ஓர்ட்னுங். பெரும்பாலும் எழுதப்படாதது. தொப்பி விளிம்பு எத்தனை அகலம், வண்டி என்ன நிறம், எந்த எஞ்சினை எங்கே வைக்கலாம் என்று எல்லாம் இதில் அடக்கம். வருடத்துக்கு இரண்டு முறை, இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் இராப்போஜனச் சடங்குக்கு முன்னால் கூடி, எல்லோரும் இதற்கு உடன்படுகிறோமா என்று பார்ப்பார்கள். உடன்பாடு இல்லாவிட்டால் இராப்போஜனமே தள்ளிப்போகலாம். ஊருக்கு ஊர் இது மாறும் என்பதால் ‘ஆமிஷ்கள் இப்படித்தான்’ என்று எதைச் சொன்னாலும் எங்கோ ஒரு ஊரில் அது தப்பாக இருக்கும். வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். லான்காஸ்டரில் சாம்பல் நிறக் கூண்டுவண்டி. ஒஹையோவிலும் இண்டியானாவிலும் கறுப்பு. பென்சில்வேனியாவிலேயே ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிறம். நிறத்தைப் பார்த்தே எந்தச் சபை என்று சொல்லிவிடலாம்.

இந்த ஒழுங்குக்கு அடியில் இருக்கும் மனநிலையை கெலாசன்ஹைட் என்ற ஜெர்மன் சொல்லால் சொல்வார்கள். நான் என்பதை விட்டுக்கொடுத்து அடங்கியிருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் எதிரி ஹோஹ்முட், அதாவது அகந்தை. உடையில் இது கண்ணுக்குத் தெரியும். பெண்கள் ஒற்றை நிறத் துணி, தலையில் வெள்ளைக் குல்லா, நகை இல்லை. திருமணத்துக்கு மோதிரம்கூட இல்லை. ஆண்கள் தாடி வளர்ப்பார்கள், மீசையை மழித்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய ராணுவ வீரர்களின் அடையாளம் மீசை என்பதால், போரை ஏற்காதவர்களுக்கு அது ஆகாது. மீசையில் வீரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். ‘கரண்ட் கிடையாது’ என்பது பாதிதான் உண்மை. 1920ஐ ஒட்டி அவர்கள் மறுத்தது, பொது மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைத்தான். கம்பி வழியாக வெளியுலகத்தோடு நிரந்தரமாகக் கட்டிப்போடப்படுவோம், அப்புறம் எதையும் நிறுத்த முடியாது என்பது வாதம். பிற்காலத்தில் ரேடியோ, தொலைக்காட்சி, இணையம் எல்லாம் அந்தக் கம்பியின் வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தன என்பதை யோசித்தால், அந்தக் கிழவர்களுக்கு மூக்கில் வியர்த்திருக்கிறது. கார் பேட்டரி போன்ற 12 வோல்ட் பேட்டரிக்குத் தடையில்லை. ஃபிரிட்ஜ் வேண்டுமா, எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. பட்டறையில் டீசல் எஞ்சின் ஒரு கம்ப்ரஸரை ஓட்டும். அந்தக் காற்றழுத்தத்தில் ரம்பம் சுற்றும், துளைப்பான் சுற்றும், சில வீட்டுச் சமையலறைகளில் மிக்ஸரும் சுற்றும். அவர்களே இதற்கு ‘ஆமிஷ் கரண்ட்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சமீப காலமாகச் சூரியத் தகடுகளும் பல கூரைகளில் ஏறிவிட்டன.

பால் விஷயம் இதைவிடச் சுவையானது. 1960களின் கடைசியில் பால் நிறுவனங்கள் கேன்களில் பால் வாங்க மாட்டோம், குளிரூட்டிய பெரிய தொட்டியில் சேர்த்துவைத்தால்தான் வாங்குவோம் என்றன. தொட்டிக்குக் கரண்ட் வேண்டும். மறுத்தால் பிழைப்புப் போய்விடும். லான்காஸ்டர் பிஷப்புகள் நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் தொட்டியைக் குளிரூட்ட டீசல் எஞ்சின், பாலைக் கலக்கும் துடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரி என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பால்வண்டி வரக் கூடாது என்ற நிபந்தனையையும் வாங்கிவிட்டார்கள். உலகம் தள்ளியது, இவர்கள் அரையடி நகர்ந்தார்கள், உலகமும் அரையடி நகர்ந்தது. ஆமிஷ்களின் நூறு வருட வரலாறு பெரும்பாலும் இப்படிப்பட்ட பேரங்கள்தான்.

டிராக்டரும் அப்படித்தான். தொழுவத்தில் நிறுத்திவைத்து பெல்ட் மாட்டி இயந்திரம் ஓட்டலாம். வயலில் உழ மட்டும் கூடாது. வயலுக்குக் கொண்டுபோனால் அடுத்து சாலைக்கு வரும், அப்புறம் காருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஆள் இருநூறு ஏக்கர் உழ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரன் உதவி எதற்கு? குதிரையும் கோவேறு கழுதையும் இழுக்கிற வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் மேல் ஒரு பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

கார் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது, வாடகைக்கு ஏறலாம். இதைப் போலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆமிஷ்களின் பதில்: கார் உன்னுடையதாக இருந்தால் நினைத்தபோதெல்லாம் கிளம்புவாய், சபை சிதறும், ஆள் பிடித்து, காசு கொடுத்துப் போவதென்றால் யோசித்துத்தான் போவாய். குதிரைவண்டி மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் போகும். அதற்குள் போய்வரக்கூடிய தூரம்தான் ஊர். அந்தக் குதிரைகளில் பல, வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றவை.

இந்த மக்களுக்கு வெளியே இருக்கும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: ‘இங்கிலீஷ்’. வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்னும் ஜெர்மன் கிளைமொழி, வழிபாட்டில் பழைய ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம். அதனால் ஆங்கிலம் பேசும் வெளியாள் எல்லாம் இங்கிலீஷ். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரும் இடங்களில் லான்காஸ்டரும் ஒன்று. வெல்லம் மாதிரி மணக்கும் மொலாசஸ் பாகில் சுட்ட ‘பை’ என்ற பலகாரம் வாங்கிக்கொண்டு நிற்கும் மதுரைக்காரரும் அவர்கள் கணக்கில் இங்கிலீஷ்காரர்தான். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையை அவர்கள் புகைப்படத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். குழந்தைகளின் துணிப் பொம்மைகளுக்குக்கூட பல வீடுகளில் முகம் வரைவதில்லை.

பையனோ பெண்ணோ பதினாறு வயதானால் ரும்ஸ்ப்ரிங்கா தொடங்கும். ‘சுற்றித் திரிதல்’ என்று பொருள். தொலைக்காட்சி இதைக் குடியும் கூத்துமாகவே காட்டிப் பழக்கிவிட்டது. அப்படியும் சிலர் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது ஞாயிறு மாலை இளைஞர்கள் கூடிப் பாடுவது, பிடித்த பெண்ணை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான். முக்கியமான விஷயம் வேறு. அந்த வயதில் அவர்கள் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, அதாவது இன்னும் சபை உறுப்பினர் இல்லை. போகிறவர்கள் போகலாம். போனாலும் வீட்டோடு உறவு இருக்கும். ஆனால் பதினெட்டு இருபது வயதில் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மீறினால் வருவதுதான் மைடுங் என்னும் ஒதுக்கிவைப்பு. ஒரே மேசையில் சாப்பிட முடியாது, அவர் கையிலிருந்து நேராக எதையும் வாங்க முடியாது. திருந்தி வந்து முழங்காலிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். 1525இல் கேட்ட அதே கேள்வி இது: நீ தெரிந்துதானே வந்தாய்?

திருமணம் பற்றிச் சொன்னால் நீண்டுவிடும். லான்காஸ்டரில் அறுவடை முடிந்து நவம்பரை ஒட்டி, செவ்வாய் வியாழன்களில் நடக்கும். முந்நூறு நானூறு பேர் பந்தி. கோழியும் ரொட்டியும் கலந்த ஒரு வறுவல், கூடவே மலைமலையாக செலரித் தண்டு. ஜூலையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் செலரி அதிகமாகப் போட்டிருந்தால், அந்த வீட்டில் கல்யாணம் வருகிறது என்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

அரசாங்கத்தோடு மோதல் வராமல் இருக்குமா? ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். ஓரறைப் பள்ளி, எட்டு வகுப்பும் ஒரே கூடத்தில், ஆசிரியை பெரும்பாலும் அதே பள்ளியில் படித்த இளம்பெண். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அரசு கிராமப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளாக இணைத்தபோது சண்டை ஆரம்பித்தது. 1965 நவம்பரில் அயோவா மாநிலத்தில் ஆமிஷ் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். ஓடும் பிள்ளைகளின் புகைப்படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. படம் எடுப்பதை விரும்பாத மக்களுக்கு ஒரு படம் செய்த உதவி!

விஸ்கான்சினில் மூன்று தந்தையருக்கு, பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆமிஷ்கள் வழக்காட மாட்டார்கள். நீதிமன்றம் போவதே பணிவுக்கு விரோதம். வெளியே இருந்த சில இங்கிலீஷ்காரர்கள் குழு அமைத்து வழக்கை நடத்தினார்கள். அது உச்ச நீதிமன்றம்வரை போய், 1972இல் ‘விஸ்கான்சின் எதிர் யோடர்’ தீர்ப்பில் ஆமிஷ்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வி எழுப்பினார்: பெற்றோரின் உரிமையைப் பேசுகிறோம், அந்தப் பிள்ளைகளிடம் கேட்டோமா? எனக்கு இன்றும் அது பதில் கிடைக்காத கேள்வியாகத்தான் படுகிறது.

வரிக் கதை இன்னொன்று. ஆமிஷ்கள் வருமான வரி, சொத்து வரி கட்டுவார்கள். தங்கள் பிள்ளைகள் போகாத அரசுப் பள்ளிக்கான வரியும் கட்டுகிறார்கள். சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டுப் பணத்தை மட்டும் மறுத்தார்கள். முதியோரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்வது சபையின் கடமை, அதை அரசிடம் ஒப்படைப்பது விசுவாசக் குறைவு என்றார்கள். 1961 வசந்தத்தில் வேலன்டைன் பைலர் என்ற பென்சில்வேனியா விவசாயி உழுதுகொண்டிருந்தபோது, வரித்துறையினர் வந்து அவருடைய மூன்று குதிரைகளை ஏரிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய் ஏலம் போட்டார்கள். நாடு கொதித்தது. 1965இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு விலக்கு கிடைத்தது. அவர்கள் அந்தப் பணத்தையும் கட்டுவதில்லை, அந்த ஓய்வூதியத்தையும் வாங்குவதில்லை.

அப்படியானால் மருத்துவச் செலவு? ஆமிஷ்கள் மருத்துவமனைக்குப் போவார்கள். பில் வந்தால் சபை நிதி, ஏலம், விருந்து என்று ஊரே சேர்ந்து கட்டும். நெருப்பில் ஒருவர் தொழுவம் எரிந்தால் நூற்றுக்கணக்கானவர் வந்து ஒரே நாளில் சட்டகம் எழுப்பிக் கூரையும் போட்டுவிடுவார்கள். சில குடும்பங்களிலிருந்தே பெருகிய மக்கள் என்பதால் அபூர்வமான மரபணு நோய்கள் இவர்களிடம் அதிகம். ஹோம்ஸ் மார்ட்டன் என்ற மருத்துவர் 1989இல் லான்காஸ்டர் பகுதியில் இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதன் கட்டடத்தை ஆமிஷ்களும் மென்னோனைட்டுகளும் கைகொடுத்து எழுப்பினார்கள். பிறந்தவுடன் ரத்தப் பரிசோதனை செய்து, உணவை மாற்றியே மூளைப் பாதிப்பைத் தடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. எட்டாம் வகுப்பு படித்த பெற்றோர் மரபணு ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கிறார்கள் என்பதை, ‘நவீனத்துக்கு எதிரிகள்’ என்ற வர்ணனைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2006 அக்டோபர் 2ஆம் தேதி லான்காஸ்டர் கவுண்டியின் நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரில், அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பால் எடுத்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஆமிஷ் ஓரறைப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார். பத்துச் சிறுமிகளைச் சுட்டார். ஐந்து பேர் இறந்தார்கள். அவரும் தன்னைச் சுட்டுக்கொண்டார். அன்றிரவே ஆமிஷ்கள் சிலர் அவருடைய குடும்பத்தைத் தேடிப் போனார்கள், உங்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை என்று சொல்ல. அவரை அடக்கம் செய்தபோது வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் அதில் இருந்தார்கள். உலகப் பத்திரிகைகளுக்கு இது விளங்கவே இல்லை. அவர்கள் வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் தியாகிகளின் கதைகள் அடங்கிய ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அதில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் கதை உண்டு. 1569இல் நெதர்லாந்தில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த ஏரிமேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து தண்ணீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். பிடித்துப்போய் அவரை எரித்தார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. மன்னித்தது வலிக்காமல் இல்லை. பத்தே நாளில் அந்தப் பள்ளியை இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் விதைத்தார்கள். வேறு இடத்தில் புதிய பள்ளி கட்டினார்கள்.

இதே மன்னிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. குடும்பத்துக்குள் சிறுமிகள் மேல் நடந்த பாலியல் வன்முறையைக் காவல்துறைக்குச் சொல்லாமல், குற்றவாளி சபைமுன் முழங்காலிட்டுவிட்டான், இனி பேசாதே என்று அடக்கிய வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவள்மேல் மன்னிக்கும் கடமையைச் சுமத்துவது கொடுமை; இதை மென்று விழுங்கிக்கொண்டு ஆமிஷ் வாழ்க்கையைப் பாராட்டி எழுத முடியாது. விட்டுப் போகிறவர்கள் கதையும் எளிதில்லை. எட்டாம் வகுப்புச் சான்று, பலரிடம் புகைப்பட அடையாள அட்டைகூட இல்லை, சொந்தமெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்.

விவசாயம் குறைந்துவருகிறது. நில விலை ஏறிவிட்டது, ஏழு பிள்ளைக்கும் பண்ணை பிரித்துக் கொடுக்க முடியாது. மரச்சாமான் பட்டறை, கூரை வேலை, கொட்டகை செய்து விற்பது என்று போய்விட்டார்கள். வடக்கு இண்டியானாவில் ஏராளமான ஆமிஷ் ஆண்கள், வீடு மாதிரி வசதி கொண்ட சுற்றுலா வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். கார் ஓட்டாதவன் செய்த வண்டியில் அமெரிக்கா ஊர்சுற்றுகிறது. லான்காஸ்டரில் சைக்கிள்கூட ஆகாது, தூரம் போய்விடலாம் என்பதால். காலால் உந்திப் போகும் ஸ்கூட்டர் ஓட்டுவார்கள். ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டியிலோ பல சபைகள் பேட்டரி சைக்கிளையே ஏற்றுக்கொண்டுவிட்டன. வேன் வாடகை மிச்சம், வேலை முடிந்ததும் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சமாளித்தவர்களுக்கு இப்போது பெரிய தலைவலி கைபேசி. மரக்கூண்டு ஊர்க் கண்ணுக்குத் தெரியும். யார் எத்தனை நேரம் உள்ளே நிற்கிறார் என்பதும் தெரியும். கைபேசி சட்டைப்பைக்குள் இருக்கிறது. கம்பியும் இல்லை, அறுத்துவிட. கட்டட வேலைக்குப் போகும் குழுக்கள் பல வருடமாக வேன் ஓட்டும் இங்கிலீஷ்காரரின் கைபேசியில் பேசிச் சமாளித்தன. சில சபைகள் தொழிலுக்கு மட்டும் என்று இளகிவிட்டன. சில சபைகள் அதற்கும் இல்லை என்கின்றன. ரும்ஸ்ப்ரிங்கா வயதுப் பிள்ளைகள் பலரிடம் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது, அப்பா அம்மாவுக்கும் தெரியும். ஞானஸ்நானம் வாங்கும் நாளுக்கு முன் அதைக் கொடுத்துவிடு என்பார்கள். கார் வைத்திருந்த பையன்களிடம் முந்தின தலைமுறை சொன்னதும் அதையேதான். காரை விற்றானா இல்லையா என்று அன்று ஊர் வாசலில் பார்த்தாலே தெரிந்தது.